பெட்டிக்குள்ளே யார்?

(பட்டிமன்றத் தலைப்பு: பொம்மைப் படங்கள் பிள்ளைகளுக்குக் கற்றுத் தருவது அறிவா? வஞ்சகமா? இடம்: திருப்பூர். ‘அறிவே’ என்ற அணியில் மூன்றாவதாகப் பேசியது.)

நடுவர் அவர்களே! எதிரணியிலே உட்கார்ந்து என்னை முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிற நண்பர்களே! ஷிப்ட் முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக மண்டபத்துக்கு வந்திருக்கிற திருப்பூர்ப் பெருமக்களே! இந்த நிகழ்ச்சியைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே பிள்ளைகள் கையிலிருந்து ரிமோட்டைப் பிடுங்கி வைத்திருக்கிற தாய்மார்களே! (சிரிப்பு)

இந்தத் தலைப்பைத் திருப்பூரிலே வைத்த நடுவரை நான் முதலில் பாராட்டணும். ஏன்னா, இந்த ஊரிலே ‘கார்ட்டன்’ தெரியாத பெரியவங்களும் கிடையாது, ‘கார்ட்டூன்’ தெரியாத குழந்தையும் கிடையாது. அப்பா நாள் முழுக்கக் கார்ட்டன் பெட்டியிலே பனியனை அடுக்குறார். மகன் நாள் முழுக்கக் கார்ட்டூன் பெட்டி முன்னாலே உட்கார்ந்திருக்கிறான். இரண்டு பேருக்கும் பெட்டிதான் வாழ்க்கை. (சிரிப்பு, கைதட்டல்)

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மையார் எங்கள் அணியைத் துவைத்து, பிழிந்து, சாயத்தொட்டியிலே முக்கிக் காயப்போட்டுவிட்டுப் போனார்கள். என்ன சொன்னார்கள்? “ஒரு எலி. அது பூனையை நேராக ஜெயிக்க முடியாது. என்ன செய்யுது? பெரிய பரிசுப் பெட்டிக்குள்ளே ஒளிஞ்சுக்குது. மேலே சிவப்பு ரிப்பன் கட்டுது. பூனை வீட்டு வாசலிலே போய் உட்கார்ந்துக்குது. பூனை ஆசையாகப் பெட்டியை உள்ளே தூக்கிட்டுப் போகுது. அப்புறம் வீடே ரெண்டாகுது. இதைப் பார்த்த என் பையன் வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டிக்குள்ளே உட்கார்ந்துகொண்டு, தங்கச்சி திறக்கும்போது ‘ஆ’ன்னு குதிச்சான். அவளுக்கு மூணு நாள் காய்ச்சல். இதுதான் உங்க பொம்மைப் படம் சொல்லிக் கொடுத்த அறிவா?” என்று கேட்டார்கள். நீங்களும் கை தட்டினீர்கள்.

அம்மா, உங்க பையன் செய்தது தப்பு. ஒத்துக்கிறேன். ஆனால் அந்தத் தங்கச்சியை ஏன் மறந்துட்டீங்க? அடுத்த முறை வீட்டுக்கு ஒரு பெட்டி வந்தால் அவள் என்ன செய்வாள்? அவசரப்பட்டுத் திறக்கமாட்டாள். தட்டிப் பார்ப்பாள், தூக்கிப் பார்ப்பாள், “அண்ணன் எங்கே?”ன்னு ஒரு கேள்வி கேட்பாள். ஒரே பெட்டியிலே பையன் வஞ்சகம் படிச்சான், பொண்ணு அறிவு படிச்சாள். உங்க வீட்டிலேயே மேட்ச் டிராவிலே முடிஞ்சிருக்கு. (சிரிப்பு)

விளையாட்டுக்குச் சொல்லலை ஐயா. அந்தக் காட்சியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். எலி பெட்டிக்குள்ளே இருக்கிறது எலிக்குத் தெரியும். பூனைக்குத் தெரியாது. இன்னொருத்தருக்குத் தெரியும். யாருக்கு? டி.வி. முன்னாலே உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிடுற குழந்தைக்குத் தெரியும்! ரிப்பனைத் தாண்டி உள்ளே இருக்கிறதைப் பார்க்கிற கண்ணை அந்தப் படம் குழந்தைக்குக் கொடுக்குது. ஏமாறுகிற பூனையைப் பார்த்துக் குழந்தை சிரிக்குது பாருங்க, அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம்? “அட முட்டாளே, யார் அனுப்பினதுன்னு கேட்கமாட்டியா?” இதுதானே அர்த்தம்?

இந்தத் தந்திரத்தைப் பொம்மைப் படம்தான் கண்டுபிடிச்ச மாதிரி எதிரணியிலே பேசுறாங்க. டாமும் ஜெர்ரியும் பிறந்தது 1940-ல். இந்தியாவுக்குக் கார்ட்டூன் சேனல் வந்தது 1995-ல். நம்ம ‘சுட்டி டி.வி.’ வந்தது 2007-ல். பெட்டிக்குள்ளே ஆள் ஒளிகிற கதைக்கு வயசு ரெண்டாயிரம் வருஷத்துக்கும் மேலே.

கிரேக்கர்கள் டிராய் நகரத்தைப் பத்து வருஷம் முற்றுகை போட்டார்கள் என்று கதை. மதிலை உடைக்க முடியலை. கடைசியிலே ஒரு பெரிய மரக்குதிரையைச் செய்து, உள்ளே வீரர்களை ஒளித்துவைத்து, கடற்கரையிலே விட்டுவிட்டுக் கப்பலேறிப் போன மாதிரி நடிச்சாங்க. “தெய்வத்துக்குக் காணிக்கை” என்று சொல்ல ஒரு ஆளையும் விட்டுட்டுப் போனாங்க. லாவோக்கூன் என்ற ஒரு பூசாரி, “வேண்டாம், இதிலே ஏதோ இருக்கு” என்று தலைபாடாக அடிச்சுக்கிட்டார். யாரும் கேட்கலை. பத்து வருஷம் பகைவனாலே உடைக்க முடியாத ஊருக்குள்ளே அந்தக் குதிரையை ஊர்க்காரங்களே கயிறு கட்டி இழுத்துட்டுப் போனாங்க. ராத்திரி குதிரை வயிறு திறந்தது. விடியும்போது டிராய் இல்லை.

“ஏனுங்க, கிரேக்கக் கதை நமக்கெதுக்குங்க?” என்று முன்வரிசையிலே ஒரு ஐயா பார்க்கிறார். சரிங்க, கடல் தாண்ட வேண்டாம். இங்கேயிருந்து ஈரோட்டுப் பக்கம் பஸ் ஏறுவோம். பெருந்துறைக்கு முன்னாலே ஒரு ஊர் வரும். விஜயமங்கலம். அந்த விஜயமங்கலத்துக்காரர் கொங்குவேளிர். அவர் எழுதின காப்பியம் ‘பெருங்கதை’. தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையர் ஓலைச்சுவடியிலிருந்து மீட்டு 1924-ல் அச்சிலே கொண்டுவந்தார். முதலும் முடிவும் கிடைக்காமல் போனாலும், நடுவிலே கிடைத்ததே பெரிய புதையல். அந்தக் கதைக்குள்ளே மரக்குதிரைக்கு அண்ணன் ஒருத்தன் நிற்கிறான். எந்திர யானை! (கைதட்டல்)

கதாநாயகன் உதயணன். வத்தவ நாட்டு அரசன். அவன் கையிலே கோடபதி என்று ஒரு யாழ். அதை மீட்டினால் மதம் பிடிச்ச யானையும் பூனைக்குட்டி மாதிரி வந்து நிற்கும். யானை என்றால் அவனுக்கு உயிர். உஞ்சை நகரத்து அரசன் பிரச்சோதனனுக்கு இவனைப் பிடிக்கணும். படையோட போனால் நடக்குமா என்று சந்தேகம். என்ன செய்தான்? மரத்தாலே ஒரு யானை செய்தான். அதை நடக்க வைத்தான். உள்ளே வீரர்களை ஒளிச்சுவைத்தான். காட்டிலே கொண்டுபோய் விட்டான். “அரசே, அருமையான யானை ஒண்ணு வந்திருக்கு” என்று சேதி போச்சு. உதயணன் யாழைத் தூக்கிட்டு ஆசையோட ஓடினான். யானை வயிறு திறந்தது. அரசன் கைதி!

ஏன் யானை? குதிரை செய்யக்கூடாதா? தேர் செய்யக்கூடாதா? உதயணனுக்கு எது பிடிக்குமோ அதைத்தான் செய்தான் ஐயா! எதிராளியின் பலத்தை அளந்து செய்தது இல்லை அந்த யானை. அவன் ஆசையை அளந்து செய்தது. நம்ம கட்டிங் மாஸ்டர் அளவு எடுக்கிற மாதிரி, அங்குலம் அங்குலமாக அளவு எடுத்துத் தைத்த வஞ்சகம் அது. (கைதட்டல்)

இன்னொருத்தரைப் பாருங்க. திருக்கோவலூரிலே இருந்து ஆட்சி செய்த மெய்ப்பொருள் நாயனார். போர்க்களத்திலே அவரை ஜெயிக்க முடியாமல் தோற்றுத் தோற்றுப் போனவன் முத்தநாதன். கடைசியிலே எப்படி வந்தான்? உடம்பெல்லாம் திருநீறு. தலையிலே சடை. கையிலே ஒரு புத்தகக் கட்டு. “உங்களுக்கு யாரும் தராத ஆகம நூல் கொண்டு வந்திருக்கிறேன்” என்று சொன்னான். வாயில்காப்போன் தத்தன் தடுத்தான். அவனையும் மீறி உள்ளே போனான். அரசர் தனியே அவன் காலடியிலே பணிந்தார். புத்தகக் கட்டு பிரிந்தது. உள்ளே கத்தி!

அவன் பொன்முடிப்பிலே கத்தியை மறைச்சிருக்கலாம், பூக்கூடையிலே மறைச்சிருக்கலாம். அந்த அரசர் எதன் முன்னாலே தலை குனிவாரோ, அதைத் தேடி எடுத்து அதிலே மறைச்சான். குத்தினவனைப் பத்திரமாக ஊர் எல்லை தாண்டிக் கொண்டுபோய் விடு என்று உயிர் போகிற நேரத்திலே தத்தனிடம் சொன்னார் நாயனார். அவர் பக்தி மலை மாதிரி. நமக்கெல்லாம் அந்த உயரம் வராது. நாமெல்லாம் தத்தனாக இருந்தாலே போதும், வாசலிலே நின்று “கட்டுக்குள்ளே என்ன?”ன்னு கேட்டாலே போதும் என்றுதான் நான் சொல்ல வர்றேன். (கைதட்டல்)

வள்ளுவர் ‘கூடாநட்பு’ என்று ஒரு அதிகாரமே வைத்திருக்கிறாரே! கும்பிடுகிற கைக்குள்ளேயும் ஆயுதம் இருக்கலாம், பகைவன் விடுகிற கண்ணீரும் அதே மாதிரிதான் என்று அங்கே எச்சரிக்கிறார். அப்போ வள்ளுவரும் பிள்ளைகளுக்கு வஞ்சகம் கற்றுக் கொடுத்தவர்தானா? எதிரணி பதில் சொல்லட்டும். (சிரிப்பு, கைதட்டல்)

“ஒளிகிறவன் எல்லாம் கெட்டவன்னு நீங்களே சொல்லிட்டீங்க. எலியும் ஒளியுது. அப்போ எலி கெட்டதுதானே?” என்று எதிரணித் தலைவர் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறார். இங்கேயிருந்தே தெரியுது ஐயா. (சிரிப்பு) இப்போ ஆக்ராவுக்கு வாங்க. 1666-ம் வருஷம். சத்ரபதி சிவாஜியை ஔரங்கசீப் காவலில் வைத்திருக்கிறார். சுற்றிலும் சிப்பாய்கள். சிவாஜி நோய்வாய்ப்பட்ட மாதிரி படுத்தார். நோய் தீர தானம் கொடுக்கணும் என்று சாதுக்களுக்கும் பெரியவர்களுக்கும் தினம் கூடை கூடையாக இனிப்பு அனுப்பினார். முதலில் காவலர்கள் எல்லாக் கூடையையும் கிளறிப் பார்த்தார்கள். தினம் லட்டு, தினம் பேடா. நாளாக நாளாகக் கை சலிச்சுப் போச்சு. ஆகஸ்ட் மாதத்திலே ஒரு நாள் கூடை போனது. சிவாஜியும் மகன் சாம்பாஜியும் போய்விட்டார்கள். கூடைக்குள்ளே உட்கார்ந்து போனாரா, கூடை தூக்குகிற ஆள் வேஷத்திலே நடந்து போனாரா என்று வரலாற்றாசிரியர்களுக்குள்ளே வாதம் உண்டு. கூடைதான் காவலை உடைச்சது என்றுதான் பரவலாகச் சொல்றாங்க.

அந்த எந்திர யானையும் இந்த இனிப்புக் கூடையும் ஒரே தந்திரமா? வெளியே பார்த்தால் ஒன்றுதான். ஆனால் ஒன்று சுதந்திரமாக இருந்தவனைக் கைதியாக்க வந்தது. இன்னொன்று கைதியாக இருந்தவன் தப்பிக்க வந்தது. பொம்மைப் படத்திலே பெட்டிக்குள்ளே யார் ஒளியுறது? எப்பவும் சின்னது. எலி, முயல், குருவி. துரத்துகிறது பெரியது. பலம் உள்ளவனுக்குப் பெட்டி தேவையில்லை, அவன் கதவையே உடைப்பான். பலம் இல்லாத சின்ன உசுரு பிழைக்க ஒரு யோசனை செய்யுது. அதைப் பார்த்து மூணு வயசுக் குழந்தை கை தட்டுதுன்னா, அது வஞ்சகத்துக்குத் தட்டுற கை இல்லை அம்மா. சின்னவன் பக்கம் நிற்கிற கை. (பலத்த கைதட்டல்)

சினிமாவுக்கும் வர்றேன். 1956-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’. எம்.ஜி.ஆர்., பானுமதி நடிச்சது. தமிழிலே முதல் முழுநீளக் கலர் படம். அந்த அராபியக் கதையிலே திருடர்கள் எப்படி வீட்டுக்குள்ளே வந்தாங்க? எண்ணெய்ப் பானைக்குள்ளே! வியாபாரி மாதிரி தலைவன் வந்தான். விருந்தாளி என்று வீட்டுக்காரர் உபசரிச்சார். கண்டுபிடிச்சது யார்? வீட்டிலே வேலை செய்கிற பெண், மார்ஜியானா. விளக்குக்கு எண்ணெய் தீர்ந்துபோச்சு, பானையிலே எடுக்கலாம் என்று போனாள். பானை பேசுச்சு! முதலாளி பானையை வெளியிலிருந்து பார்த்தார். வேலைக்காரப் பெண் பக்கத்திலே போய்ப் பார்த்தாள். குடும்பம் பிழைச்சது. இந்த மண்டபத்திலே செக்கிங் செக்‌ஷன் அம்மிணிகள் நிறைய வந்திருக்கீங்க. அந்த மார்ஜியானாதான் உங்க மூதாதை. (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் அவர்களே, இதுவரைக்கும் கதை பேசினேன். இனி நம்ம ஊர்ச் சங்கதி. இங்கே சிரிக்கிறதுக்கு அதிகம் இல்லை.

கொங்குவேளிர் எந்திர யானையைப் பாடின அதே பெருந்துறைப் பக்கத்திலே, ஆயிரம் வருஷம் கழிச்சு ஒரு பறவை வந்தது. ஈமு கோழி. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பறவை. “முன்பணம் கட்டுங்க. குஞ்சு தர்றோம், கொட்டகை போட்டுத் தர்றோம், தீவனம் தர்றோம், மாசாமாசம் பணமும் தர்றோம்.” சினிமா நட்சத்திரங்கள் விளம்பரத்திலே வந்து சொன்னார்கள். மழை இல்லாமல், கூலிக்கு ஆள் கிடைக்காமல் தவிச்ச விவசாயிக்கு எது பிடிக்கும்? ஆடு மாடு மாதிரி ஒரு சீவன், அதுகூட மாசச் சம்பளம்! அவன் ஆசைக்கு அளவெடுத்துத் தைச்ச சட்டை அது. 2012-ல் கம்பெனிகள் ஒவ்வொன்றாகச் சாய்ஞ்சது. ஈமு பறக்காத பறவை ஐயா. பறந்தது பணம் மட்டும்தான். தீவனம் இல்லாமல் அந்த வாயில்லாப் பிராணிகள் கொட்டகையிலே செத்து விழுந்ததை இந்தப் பக்கத்துச் சனம் கண்ணாலே பார்த்திருக்கு.

இதே திருப்பூரிலே, 2009 வாக்கிலே, அந்நியச் செலாவணி வியாபாரம் என்று ஒரு கம்பெனி. போட்ட பணம் பல மடங்காகத் திரும்பும் என்றார்கள். பீஸ் ரேட்டுக்குத் தைத்துச் சேர்த்த காசு, சீட்டு எடுத்த காசு, மக கல்யாணத்துக்கு வைத்த காசு, எல்லாம் போச்சு. சுமார் 930 கோடி ரூபாய் மோசடி என்று வழக்கு. சி.பி.ஐ. விசாரித்து, 2022 ஆகஸ்டிலே கோவை சிறப்பு நீதிமன்றம் இரண்டு இயக்குநர்களுக்கு 27 வருஷம் சிறைத் தண்டனை கொடுத்தது. தீர்ப்பு வர பதிமூணு வருஷம். பெட்டியைத் திறக்க ஒரு நிமிஷம்.

இப்போ செல்போனுக்குள்ளேயே பெட்டி வருது. கல்யாணப் பத்திரிகை மாதிரி ஒரு ஃபைல். யார் வீட்டுக் கல்யாணமோ என்று தொட்டால் பேங்க் கணக்கு காலி. கம்ப்யூட்டர்க்காரங்க இந்த மாதிரித் திருட்டு நிரலுக்கு என்ன பேர் வைச்சிருக்காங்க தெரியுமா? ‘ட்ரோஜன்’. அந்த டிராய் மரக்குதிரையேதான்! பணம் போச்சுன்னா உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் பண்ணச் சொல்றாங்க. பண்ணுங்க. அதுக்கு முன்னாலே, தொடாமல் இருங்க.

பணம் போனால் மறுபடி சம்பாதிக்கலாம். வயசு போனால்? அதைச் சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்தேன்.

இங்கே ஓடுகிற ஒவ்வொரு நிட்டிங் மெஷினுக்கும் நூல் வேணும். நூல் எங்கேயிருந்து வருது? கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் சுற்று வட்டாரத்து நூல் மில்களிலிருந்து வருது. அந்த மில்களிலே பல இடத்திலே ஒரு திட்டம் இருந்தது. பேரு என்ன? சுமங்கலித் திட்டம்! மாங்கல்யத் திட்டம் என்றும் சொல்வார்கள். தென் மாவட்டத்துக் கிராமங்களுக்கு ஏஜெண்டு வருவார். கையிலே நோட்டீஸ். “உங்க பொண்ணை மூணு வருஷம் மில்லுக்கு அனுப்புங்க. ஹாஸ்டல் உண்டு, சாப்பாடு உண்டு. மூணு வருஷம் முடிஞ்சா கல்யாணத்துக்கு மொத்தமாப் பணம்.” முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என்பார்கள். வரதட்சணை வாங்கக்கூடாது என்று 1961-லேயே சட்டம் வந்த நாட்டிலே, வரதட்சணைக்குப் பயந்த தகப்பனுக்கு அளவெடுத்துச் செய்த யானை இது! மேலே பாருங்க, மஞ்சள் குங்குமம் வைத்த பேரு. உள்ளே என்ன இருந்தது? அப்ரண்டிஸ் என்று சொல்லிக் குறைஞ்ச கூலி. ராத்திரி ஷிப்ட். வெளியே போக அனுமதி இல்லை. வீட்டுக்குப் பேசுறதுக்கும் கட்டுப்பாடு. கடைசியிலே கொடுக்கிற ‘பரிசு’ யாருடைய பணம்? மாசாமாசம் அந்தப் பொண்ணு கூலியிலே பிடிச்சு வைச்ச அவளுடைய பணம்! 2011-ல் நெதர்லாந்து அமைப்புகள் இதைப் பற்றி அறிக்கையே வெளியிட்டு, உலகம் பூரா இந்தச் சேதி போச்சு. எல்லா மில்லும் அப்படின்னு நான் சொல்லலை. ஒழுங்காக நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் நடந்ததை நடக்கலைன்னு சொல்ல முடியாது.

நான் குடியிருக்கிற வீதியிலே ஒரு அம்மிணி. பேரு வேண்டாம். மில் பேரும் வேண்டாம். பதினாறு வயசிலே அந்தத் திட்டத்திலே வந்தது. இரண்டரை வருஷம் வேலை செய்தது. பஞ்சுத் தூசியிலே இருமல் வந்து, வேலை செய்ய முடியாமல் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. மூணு வருஷம் முடியலை, அதனாலே மொத்தப் பணம் இல்லை என்று சொல்லிட்டாங்களாம். இப்போ இங்கே ஒரு பனியன் கம்பெனியிலே செக்கிங் வேலை. ஒரு பெண் குழந்தை, ரெண்டாவது படிக்குது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவங்க வீட்டுத் திண்ணையிலே உட்கார்ந்திருந்தேன். உள்ளே டி.வி.யிலே இதே காட்சி. பெரிய பெட்டி, சிவப்பு ரிப்பன். ஒரு நாய் வாலை ஆட்டிக்கொண்டு பெட்டிகிட்டே போகுது. அந்தக் குழந்தை எழுந்து நின்று டி.வி.யைப் பார்த்துக் கத்துச்சு: “டேய், தொறக்காதேடா! யார் குடுத்தாங்கன்னு கேளுடா!” நாங்க சிரிச்சோம். அந்த அம்மிணியும் சிரிச்சுது. அப்புறம் சும்மா இருந்தது. கொஞ்ச நேரம் கழிச்சு என்கிட்டே சொல்லுச்சு: “வாத்தியாருங்களே, நோட்டீஸைத் தூக்கிட்டு அந்த ஆள் எங்க வீட்டு வாசலுக்கு வந்தப்போ, இப்படிக் கத்தறதுக்கு ஒருத்தருமே இல்லீங்க.”

(அரங்கில் அமைதி)

நடுவர் அவர்களே, நான் வீட்டுக்குப் போயும் ரொம்ப நேரம் அந்த ஒரு வார்த்தை போகவே இல்லை. அவங்கப்பா கெட்டவர் இல்லை. முட்டாளும் இல்லை. மகளுக்கு நல்லது நடக்கணும் என்ற ஆசை. டிராய்க்காரனும் அப்படித்தான், உதயணனும் அப்படித்தான். ‘பெட்டியிலே என்ன இருக்கு?’ என்ற கேள்வி ரெண்டாவது கேள்விங்க. ‘எனக்கு இதுதான் பிடிக்கும்னு இவனுக்கு எப்படித் தெரிஞ்சது?’ இதுதான் முதல் கேள்வி. அந்தக் கேள்வியை ஏழு வயசிலேயே கத்திக் கேட்கச் சொல்லிக் கொடுக்கிற படத்தை வஞ்சகம் என்று சொல்ல எனக்கு மனசு வரலை.

எதிரணி சொன்னதிலே ஒரு நியாயம் உண்டு. அதையும் மறைக்கக்கூடாது. மறைச்சா நானும் பெட்டி கட்டினவன் ஆயிடுவேன். (சிரிப்பு) நாள் முழுக்க டி.வி. பார்த்தால் கண் கெடும், படிப்பு கெடும். அடிக்கிறதும் உதைக்கிறதும் வேடிக்கையாகத் தெரியும். குழந்தையைத் தனியா உட்கார வைச்சுட்டு நாம வேலையைப் பார்க்கப் போனால், அது எலி பக்கம் கற்றுக்குதா, பூனை பக்கம் கற்றுக்குதா என்று நமக்குத் தெரியாது. அதனாலே பக்கத்திலே உட்காருங்க. பத்து நிமிஷம் போதும். “அந்தப் பூனை ஏன் ஏமாந்துச்சு?” என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்க. அது சொல்லும் பதிலைக் கேட்டால் அசந்து போவீங்க.

கடைசியாக, உங்க ஊர் வேலையிலிருந்தே ஒண்ணு சொல்லி முடிக்கிறேன். ஏற்றுமதிக் கம்பெனியிலே தையல் மெஷினிலே ஊசி ஒடிஞ்சால் என்ன செய்வீங்க? மெஷினை நிறுத்துவீங்க. ஒடிஞ்ச துண்டு எல்லாம் கிடைக்கிற வரைக்கும் தேடுவீங்க. துண்டுகளை நோட்டிலே ஒட்டி வைச்ச பிறகுதான் புது ஊசி. குழந்தைகள் உடுப்பு என்றால் அதோட விடமாட்டீங்க. பெட்டியிலே போடுறதுக்கு முன்னாலே நீடில் டிடெக்டர் மெஷினுக்குள்ளே ஒவ்வொரு துணியையும் விட்டு எடுப்பீங்க. எதுக்கு? எங்கேயோ கடல் தாண்டி, பேர் தெரியாத ஒரு வீட்டிலே, பிறந்தநாள் பரிசாக வந்த உடுப்பை ஒரு குழந்தை ஆசையாகப் போட்டுக்கொள்ளும்போது, உள்ளே ஒரு ஊசி முனை இருந்துவிடக் கூடாது!

முகம் தெரியாத பிள்ளைக்கு அனுப்புகிற பரிசிலே ஊசி இருக்கக்கூடாது என்று இத்தனை பார்க்கிற ஊருங்க இது. நம்ம பிள்ளை கைக்கு வந்து சேருகிற பரிசிலே ஊசி இருக்கான்னு பார்க்க வேண்டாமா? நம்ம பொண்ணு பேரிலே வருகிற நோட்டீஸிலே, நம்ம சேமிப்புக்கு வருகிற வாக்குறுதியிலே, நம்ம செல்போனுக்கு வருகிற பத்திரிகையிலே ஊசி இருக்கான்னு பார்க்க வேண்டாமா? அதுக்கு ஒரு மெஷின் வேணும். அந்த மெஷின் கடையிலே கிடைக்காது. சின்ன வயசிலே மனசுக்குள்ளே பொருத்தணும். பாட்டி சொன்ன கதை அதைப் பொருத்துச்சு. கொங்குவேளிர் காப்பியம் பொருத்துச்சு. இன்னைக்குப் பாட்டி ஊரிலே இருக்கிறார், அம்மா ஷிப்டிலே இருக்கிறார். அந்த இடத்திலே ஒரு எலியும் பூனையும் வந்து, சிரிக்கச் சிரிக்க அதைப் பொருத்திவிட்டுப் போகுது.

ஆகவே, பொம்மைப் படங்கள் பிள்ளைகளுக்குக் கற்றுத் தருவது அறிவே, அறிவே என்று தீர்ப்பு வழங்கும்படி நடுவரைக் கேட்டுக்கொள்கிறேன். பேசி முடித்ததும் பேச்சாளர்களுக்கு எல்லாம் பரிசுப் பொட்டலம் தருவார்கள் என்று கேள்விப்பட்டேன். மிக்க மகிழ்ச்சி. ஆனால் நான் அதை ஒரு தரம் குலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன். (சிரிப்பு)



(பலத்த கைதட்டல்)